வ.உ.சி. விற்ற 25 ரூபாய் ஷேர்: விலை வரலாறு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

மொபைல் ஆப்பில் ஒரு கம்பெனியின் பெயரைத் தட்டினால் 1 மாதம், 1 வருடம், 5 வருடம் என்று பட்டன்கள் வரிசையாக நிற்கும். கடைசி பட்டனைத் தொட்டால் அந்தப் பங்கின் மொத்த விலை வரலாறும் ஒரே கோடாக விரியும். ஆனால், பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இடம்பிடித்த ஒரு கம்பெனியின் பங்குக்கு அப்படி ஒரு கோடே கிடையாது. 1906-ல் தூத்துக்குடியில் தொடங்கிய அந்தக் கம்பெனியின் ஒரு ஷேர் 25 ரூபாய். ஊர் ஊராகப் போய் அதை விற்றவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

வ.உ.சி.யை நாம் கப்பலோட்டியவராக, செக்கிழுத்தவராகத்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். பொதுமக்களிடம் மூலதனம் திரட்டி ஒரு கம்பெனி நடத்தியவர் என்ற கோணத்தில் பார்ப்பது குறைவு. அப்படிப் பார்த்தால், இன்று ஷேர் வாங்குகிற ஒருவருக்கு அவர் வாழ்க்கையில் நிறைய விஷயம் இருக்கிறது.

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் சட்டம் படித்து வக்கீலானார். பிறகு தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அப்போது தூத்துக்குடி - கொழும்பு கடல் வழி முழுக்க பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில். அதன் உள்ளூர் ஏஜென்ட் ஹார்வி நிறுவனம். ஊரின் பெரிய பஞ்சாலையான கோரல் மில்லும் அவர்களுடையதுதான்.

1906 அக்டோபர் 16 அன்று சுதேசி நாவாய்ச் சங்கம், அதாவது சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை உருவாக்கிய பாண்டித்துரைத் தேவர். ஐரோப்பியர்களுக்குப் பங்கு கிடையாது என்பது விதி.

இந்த 25 ரூபாய் என்பது முகமதிப்பு. கம்பெனி தன் மூலதனத்தை எத்தனை துண்டாக வெட்டியிருக்கிறது என்பதற்கான கணக்கு, அவ்வளவுதான். அந்தத் துண்டை இன்னொருவர் இன்று என்ன விலைக்கு வாங்கத் தயார் என்பது சந்தை விலை. 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கு சந்தையில் 2,000-க்கும் போகும், 4 ரூபாய்க்கும் கிடக்கும். புதிதாக வருபவர்கள் குழம்புகிற முதல் இடம் இதுதான்.

சரி, சுதேசி கம்பெனி பங்கின் சந்தை விலை என்ன? தினமும் அதைக் குறித்து வைக்கும் இடம் அன்று இங்கே இல்லை. பம்பாயில் 1875-லேயே தரகர்கள் சங்கம் அமைத்துவிட்டார்கள். சென்னையில் முதல் பங்குச் சந்தை வந்ததே 1920-ல்தான். அதனால் அந்தப் பங்குக்குத் தினசரி விலைப் பட்டியல் இல்லை, கோடும் இல்லை.

இன்றைக்கும் எல்லாத் தொழிலுக்கும் சார்ட் கிடையாது. விருத்தாசலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் கேரியர் என்று பீங்கான் சாமான் செய்யும் சிறு தொழில்கள் அங்கே தலைமுறையாக நடக்கின்றன. அவற்றில் ஒன்றை விலைக்கு வாங்க நினைப்பவருக்குப் பார்க்க எந்தக் கோடும் இல்லை. ஆர்டர் எவ்வளவு, சூளைக்கு எரிபொருள் செலவு எவ்வளவு, பாக்கி எங்கெல்லாம் நிற்கிறது என்று விசாரித்துத்தான் விலை பேச வேண்டும். பக்கத்து ஊரான நெய்வேலியின் என்எல்சி பட்டியலிடப்பட்ட கம்பெனி. அதன் பல வருட விலை உள்ளங்கையில் வந்துவிடும். வசதிதான். ஆனால் அந்த வசதியே, பீங்கான் சூளை வாசலில் கேட்கிற கேள்விகளைக் கேட்க விடாமல் செய்துவிடுகிறது.

கோட்டுக்குள் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு நாளுக்கும் ஐந்து எண்கள்: தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை. கடைசி எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. நாளுக்கு 200 ஷேர் மட்டும் கைமாறும் பங்கில் விலை 10 சதவீதம் ஏறினால், அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. விற்கப் போனால் வாங்க ஆள் இருக்காது.

பழைய விலையைப் பார்க்கும்போது இன்னொரு சிக்கல். 1,000 ரூபாய் விலையுள்ள பங்குக்கு ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால், விலை சுமார் 500 ஆகிவிடும். உங்களிடம் பங்கு இரண்டு மடங்கு, பணம் அதேதான். இதைச் சரிக்கட்டாவிட்டால் சார்ட்டில் ஒரே நாளில் பாதி சரிந்த மாதிரி தெரியும். அதனால் ஆப்கள் பழைய விலைகளையும் பாதியாக்கிக் காட்டும். அந்த நாள் செய்தித்தாளில் 1,000 என்று இருக்கும், ஆப்பில் 500 என்று இருக்கும். இரண்டுமே சரி. டிவிடெண்டைப் பெரும்பாலான சார்ட்டுகள் இப்படிக் கணக்கில் சேர்ப்பதில்லை. வருடாவருடம் நல்ல டிவிடெண்ட் தந்த கம்பெனி அதனால் சார்ட்டில் மந்தமாகத் தெரியலாம்.

எந்தத் தேதியிலிருந்து பார்க்கிறோம் என்பதும் கதையை மாற்றிவிடும். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610 புள்ளிகளில் முடிந்தது. அன்றிலிருந்து கோடு போட்டால் சுமாரான கம்பெனிகூட ராக்கெட்தான். யாராவது சார்ட் அனுப்பி ஆசை காட்டினால், முதலில் இடது ஓரத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள்.

1907: கணக்கில் வராத பகை

தொடக்கத்தில் சுதேசி கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்கு எடுத்த கப்பல்களும், போட்டிக் கம்பெனியின் நெருக்கடியால் கைவிட்டுப் போயின. 1907-ல் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வாங்கப்பட்டன. வ.உ.சி.யே பம்பாய் போய்ப் பணம் திரட்டினார்.

உடனே கட்டணச் சண்டை. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசி 8 அணாவுக்கு வந்தது. அடுத்து அவர்கள் இலவசப் பயணம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்றார்கள். அப்படியும் சுதேசி கப்பலில் கூட்டம் ஏறியது. அன்று ஒரு சார்ட் இருந்திருந்தால், இந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கோடு மேலே போயிருக்கலாம். ஆனால் விவரமான ஒருவர் வேறொன்றைக் கேட்டிருப்பார்: பயணிகள் நிறைய, சரி, 8 அணா கட்டணத்தில் நிலக்கரிச் செலவு கட்டுமா? நஷ்டத்தை யார் அதிக நாள் தாங்குவார்கள்? எதிரிக்குப் பல வழித்தடங்கள், ஆழமான கஜானா. இங்கே 25 ரூபாய்ப் பங்குகள்.

வேறொரு ஆபத்தும் இருந்தது. 1908 தொடக்கத்தில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்தினார்கள். கூலி உயர்வு, வார விடுமுறை என்று தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். ஆனால் மில்லும் கப்பல் ஏஜென்சியும் ஒரே ஹார்வி. கம்பெனி இயக்குநர்களில் சிலருக்கு வ.உ.சி.யின் அரசியல் பயமாக இருந்தது. கம்பெனியின் பெரிய பலமே அவர்தான். அவரைச் சிறையில் போட்டால் கம்பெனியின் கதி என்ன என்ற கேள்விக்குப் பதில் இல்லை. இன்றைக்கு ஒரே நிறுவனரை நம்பி நிற்கும் கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். எத்தனை வருட விலையைப் பார்த்தாலும் இந்த ஆபத்து அதில் தெரியாது.

1908 மார்ச் 12 அன்று கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். மொத்தம் 40 வருடம். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவை, கண்ணூர் சிறைகள். கோவையில் செக்கு.

வெளியே கம்பெனி தள்ளாடி, 1911-ல் கலைக்கப்பட்டது. கடைசியில் கப்பலை வாங்கியது போட்டிக் கம்பெனியேதான் என்பது அவருக்குத் தாங்க முடியாத வேதனையாக இருந்தது. 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தபோது பங்கும் இல்லை, கப்பலும் இல்லை, வக்கீல் உரிமமும் இல்லை.

செத்த கம்பெனிகள் எங்கே போகும்?

இன்றைய பட்டியலில் உள்ள கம்பெனிகளின் 20 வருட விலையை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால், பங்குச் சந்தை எப்போதும் நல்ல லாபம் தந்த மாதிரித்தான் தெரியும். ஏனென்றால் இடையில் மூடிப்போனவை, பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவை அதில் இல்லை. பிழைத்தவர்களிடம் மட்டும் கேட்டு எழுதிய வரலாறு அது. 1906-ல் பங்கு வாங்கியவர்களின் நஷ்டம் எந்தச் சராசரியிலும் வராது. ஜெயித்த கம்பெனியின் பங்கும் இன்று இல்லை என்பது தனிக் கதை: பிரிட்டிஷ் இந்தியா 1914-ல் பி அண்ட் ஓ-வுடன் இணைந்தது, அந்த பி அண்ட் ஓ-வை 2006-ல் துபாயின் டிபி வேர்ல்டு வாங்கிவிட்டது.

பழைய விலைகள் வேண்டுமென்றால் என்எஸ்இ, பிஎஸ்இ இணையதளங்களிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதை ஆண்டறிக்கையின் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது. விலை எங்கே திடீரென்று உடைகிறதோ, அந்த வருட அறிக்கையில் கடன், வழக்கு, நிர்வாக மாற்றம் என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். விலை ஏன் உடைந்தது என்பது பல நேரம் அங்கேதான் கிடைக்கும்.

வ.உ.சி.யின் மீதி வாழ்க்கை பணத் தட்டுப்பாட்டில் போனது. நீதிபதி வாலஸ் உதவியால் வக்கீல் உரிமம் திரும்பக் கிடைத்தது; அந்த நன்றியில் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். திருக்குறளின் மணக்குடவர் உரை, தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரை ஆகியவற்றைப் பதிப்பித்தார். ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் இறந்தார். முதல் முயற்சி சில வருடங்களிலேயே நின்றுபோன சென்னை பங்குச் சந்தை, அதற்கு மறு வருடம் 1937-ல் மீண்டும் தொடங்கியது. 2015-ல் அதுவும் மூடப்பட்டது.