தோட்டக்காரரின் பெயரில் ஒரு பந்து!

குட்டீஸ்... கடைக்குப் போய் கிரிக்கெட் மட்டை வாங்கும்போது, எதைப் பார்த்து வாங்குவீர்கள்? மரத்தைத் தட்டிப் பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? மட்டையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத்தானே முதலில் பார்ப்போம்! சச்சின் டெண்டுல்கர் ஆடிய காலத்தில், அவர் மட்டையில் பல ஆண்டுகள் எம்.ஆர்.எப்., என்ற மூன்று எழுத்து இருந்தது. அது டயர் தயாரிக்கும் கம்பெனி. டயருக்கும் மட்டைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஆனாலும், அந்த மூன்று எழுத்தை ஸ்கெட்ச் பேனாவால் தங்கள் மட்டையில் எழுதிக்கொண்டு ஆடிய பிள்ளைகள் உண்டு.

வீரரின் புகழைக் கொண்டு பொருளை விற்கும் இந்த வித்தை, டிவி வந்த பிறகு முளைத்தது என்று நினைத்து விடாதீர்கள். 1900ம் ஆண்டிலேயே, ஒரு கோல்ப் பந்துக்காக ஒருவர் கப்பல் ஏறிப் போய், அமெரிக்கா முழுவதும் சுற்றினார். அவர் பெயர் ஹாரி வார்டன்.

இங்கிலாந்துக்கும், பிரான்சுக்கும் நடுவே கடலில் ஜெர்சி என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. ஜெர்சி பசு என்கிறோமே, அந்தப் பசுவுக்குப் பெயர் கொடுத்த தீவுதான் இது. அங்கே கிரூவில் என்ற ஊரில், 1870 மே 9ல் பிறந்தார் ஹாரி. அப்பா தோட்ட வேலை செய்பவர். வீட்டில் ஆறு பையன்கள், இரண்டு பெண்கள். சாப்பாட்டுக்கே இழுபறி. இதில் விளையாட்டுச் சாமான் வாங்கக் காசு எங்கிருந்து வரும்?

ஹாரிக்கு ஏழு வயது இருக்கும். இங்கிலாந்தில் இருந்து வந்த சில கனவான்கள், ஊர்ப் பொதுநிலத்தில் குழிகள் வெட்டி, கொடி நட்டு, கோல்ப் ஆடத் தொடங்கினர். கோல்ப் தெரியும் அல்லவா? சிறு பந்தை நீளமான மட்டையால் அடித்து அடித்து, தொலைவில் இருக்கும் குழிக்குள் தள்ள வேண்டும். குறைவான அடியில் யார் எல்லாக் குழிகளையும் முடிக்கிறாரோ, அவரே வென்றவர். ஊர்க்காரர்களுக்கு இந்தப் புதிய கூட்டம் பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம்! பணக்காரர்களின் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனால் சில்லறை கிடைக்கும், ஆட்டத்தையும் பார்க்கலாம்.

பார்த்தால் போதுமா? ஆட வேண்டாமா? ஹாரியும் நண்பர்களும் தாங்களே ஒரு சின்ன மைதானம் அமைத்தனர். பந்துக்கு என்ன செய்வது? வெள்ளைக் கோலிக்குண்டுதான் பந்து! மட்டைக்கு, ஓக் மரக் கிளையை வெட்டி, மட்டையின் தலைபோல் செதுக்கினர். இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அதில் துளை போட்டு, முள்மரக் குச்சியைப் பிடியாகச் செருகினர். பெரியவர்கள் வைத்திருந்த மட்டைகளின் அடியில் பித்தளைத் தகடு இருக்கும் அல்லவா? அதைப் போலவே வேண்டும் என்று, தகர டப்பாவை வெட்டி ஆணி அடித்துக்கொண்டனர். நிலா வெளிச்சத்தில்கூட ஆட்டம் நடக்குமாம்.

பதின்மூன்று வயதுக்குள் வேலைக்குப் போய்விட்டார் ஹாரி. பதினேழு வயதில், மேஜர் ஸ்பாபோர்த் என்ற ராணுவ அதிகாரியின் வீட்டில் தோட்டக்காரர். அந்த மேஜருக்கு கோல்ப் பைத்தியம். தோட்டக்காரப் பையனையும் கூட்டிக்கொண்டு போய் ஆடினார். தன் பழைய மட்டைகளில் சிலவற்றைக் கொடுத்தார். இந்த ஆட்டத்தை விட்டுவிடாதே, என்றாவது உதவும் என்று சொல்லியும் வைத்தார்.

அந்த நாள் சீக்கிரமே வந்தது. ஹாரியின் தம்பி டாம், இங்கிலாந்துக்குப் போய் கோல்ப் மட்டை செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டார். கூடவே, ஒரு போட்டியில் ஆடி, 20 பவுண்டு பரிசும் வாங்கிவிட்டார். தோட்டத்தில் மண் கொத்திக்கொண்டிருந்த அண்ணனுக்கு அது பெரிய தொகை. தம்பியால் முடிந்தது தன்னாலும் முடியும் என்று அவருக்குத் தோன்றியது. அதுவரை அவர் அதிகப் போட்டிகளில் ஆடியதும் இல்லை!

இங்கிலாந்தில் ஒரு பிரபு தன் நிலத்தில் ஒன்பது குழி மைதானம் அமைத்து, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதாகத் தம்பி தகவல் அனுப்பினார். 1890ல் ஹாரி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பிரபு யார் தெரியுமா? ரிப்பன் பிரபு! 1880 முதல் 1884 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தாரே, அவரேதான். சென்னையில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேர் என்று நிற்கும் மாநகராட்சிக் கட்டடமான ரிப்பன் மாளிகைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கின்றனர்.

பிறகு வேறு கிளப்புகளுக்கு மாறினார். புல்லைப் பராமரிப்பது, மட்டை பழுது பார்ப்பது, உறுப்பினர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது... இப்படி ஓடியது நாள். நடுவே போட்டிகளிலும் ஆடினார். 1896ல் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை வென்று எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். 1894, 1895 என்று தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பட்டம் வென்றிருந்த ஜே.எச்.டெய்லரைத்தான் தோற்கடித்தார். 1898, 1899 ஆண்டுகளிலும் பட்டம் வார்டனுக்கே.

மூன்று முறை சாம்பியன்... பணம் கொட்டியிருக்குமே என்கிறீர்களா? 1899ல் முதல் பரிசு 30 பவுண்டு மட்டும்!

இந்த நேரத்தில்தான் அமெரிக்காவில் இருந்து ஓர் அழைப்பு. அனுப்பியது ஸ்பால்டிங் கம்பெனி. அதன் முதலாளி ஆல்பர்ட் ஸ்பால்டிங், ஒரு காலத்தில் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர். 1876ல் தம்பியோடு சேர்ந்து சிகாகோவில் விளையாட்டுச் சாமான் கடை போட்டவர். அவர் ரொம்பக் கெட்டிக்காரர். அப்போது பேஸ்பால் வீரர்கள் பலரும் வெறும் கையால்தான் பந்தைப் பிடிப்பார்கள். கையுறை போட்டால் கோழை என்று கேலி செய்வார்கள். ஸ்பால்டிங் 1877ல் கறுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். இவ்வளவு பெரிய வீரரே போடுகிறாரே என்று கேலி அடங்கியது. கையுறை எங்கே கிடைக்கும்? அவர் கடையில்!

அதே தந்திரத்தைத்தான் கோல்பிலும் செய்தார். அமெரிக்காவுக்கு கோல்ப் அப்போது புதுசு. ஸ்பால்டிங் கம்பெனி மட்டைகளையும் பந்துகளையும் தயாரித்து விட்டது. ஆனால், ஆடத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். முதலில் ஆட்டத்தின் மீது ஆசையை உண்டாக்க வேண்டும். அப்புறம்தான் பந்து விற்கும். உலகின் சிறந்த வீரரை வரவழைத்து ஆட வைத்தால்? அவர் பெயரையே பந்துக்கும் வைத்துவிட்டால்?

பிறந்தது, 'வார்டன் ப்ளையர்' பந்து!

அந்தக் காலப் பந்து கட்டபெர்ச்சா என்ற பொருளால் ஆனது. மலேயா பக்கத்துக் காடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பால் அது. வெந்நீரில் போட்டால் மாவுபோல் குழையும்; ஆறினால் கல்போல் இறுகும். எந்தக் கம்பெனி செய்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் ஒரு பந்தை இன்னொன்றில் இருந்து எப்படிப் பிரித்துக் காட்டுவது? அங்கேதான் பெயர் வேலை செய்கிறது. கையில் வார்டன் என்று எழுதிய பந்து இருந்தால், நாமும் வார்டன் மாதிரி அடிப்போம் என்று ஓர் எண்ணம். அடிக்க மாட்டோம் என்பது வேறு விஷயம்!

பேசிய தொகை 900 பவுண்டு. முப்பது முறை சாம்பியன் ஆனால் கிடைக்கும் பணம், ஓராண்டில்! 1900ம் ஆண்டின் தொடக்கத்தில் கப்பல் ஏறினார் வார்டன். விமானம் இல்லை, ஊர் விட்டு ஊர் ரயிலில்தான் போக வேண்டும். மொத்தம் 20 ஆயிரம் மைலுக்கு மேல் பயணம். எண்பதுக்கும் அதிகமான ஆட்டங்கள். சில இடங்களில் இரண்டு பேரை எதிரே நிறுத்தி, அவர் ஒருவராக ஆடினார். பெரும்பாலும் அவரே வென்றார்.

பாஸ்டன் நகரில் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். அங்கே ஒரு பெரிய துணிக்கடையில், வலை கட்டி, அதற்குள் பந்தை அடித்துக் காட்டச் சொன்னார்கள். கூட்டம் முண்டியடித்தது. ஒவ்வொரு அடிக்கும் கைதட்டல். ஆனால், வலைக்குள் அடிப்பதில் என்ன சுவாரசியம்? சலித்துப்போன வார்டன், கூரையில் தீயணைக்க வைத்திருந்த கருவியின் சின்னக் குமிழைக் குறிபார்த்து அடிக்க ஆரம்பித்தார். கடை மேனேஜர் ஓடி வந்து, போதும் சாமி என்று கெஞ்சாத குறைதான். குமிழ் உடைந்தால் கடை முழுவதும் தண்ணீர் கொட்டிவிடுமே!

நடுவில் ஊருக்கு வந்து பிரிட்டிஷ் ஓபனில் ஆடி, இரண்டாம் இடம் பிடித்து, மீண்டும் அமெரிக்கா போனார். அக்டோபரில் சிகாகோ அருகே நடந்த அமெரிக்க ஓபனில் பட்டம் வென்றார். கடைசிக் குழியில், சில அங்குலத் தூரத்தில் இருந்த பந்தை ஒரு கையால் அலட்சியமாகத் தட்டப் போய், மட்டை பந்தில் படவே இல்லை! அதுவும் ஓர் அடியாகக் கணக்கில் சேர்ந்தது. நல்லவேளை, டெய்லரைவிட இரண்டு அடி முன்னால் இருந்ததால் தப்பித்தார்.

ஆக, கம்பெனி போட்ட திட்டம் பலித்தது. அமெரிக்கர்கள் கோல்பை நேசிக்கத் தொடங்கினர். ஆனால், 'வார்டன் ப்ளையர்'?

அங்கேதான் ஒரு திருப்பம். வார்டன் ஊர் ஊராகச் சுற்றுவதற்கு முன்பே, 1898ல் ஓஹியோ மாநிலத்தில் கோபர்ன் ஹாஸ்கல் என்பவர், ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றி ஒரு பந்தைச் செய்துவிட்டார். மறு ஆண்டு காப்புரிமையும் வாங்கிவிட்டார். கட்டபெர்ச்சா பந்தைவிட அது துள்ளிக்கொண்டு தூரம் போனது. சாதாரண ஆட்களும் அடிக்கச் சுலபம்.

1902 பிரிட்டிஷ் ஓபன் போட்டி. சாண்டி ஹெர்ட் என்ற வீரர், பயிற்சியின்போது ஹாஸ்கல் பந்தை அடித்துப் பார்த்து அசந்துபோய், அதையே எடுத்துக்கொண்டு போட்டியில் இறங்கினார். வார்டனிடம் இருந்தது பழைய வகைப் பந்து. ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார் ஹெர்ட்! கடைசியில் அவர் பந்து கிழிந்து, ரப்பர் நூல் வெளியே தெரிந்ததாம். அதன்பின், கட்டபெர்ச்சா பந்தை வாங்க ஆள் இல்லை. எவ்வளவு பெரிய பெயரை ஒட்டினாலும் காப்பாற்ற முடியவில்லை. ஸ்பால்டிங் கம்பெனியும் ரப்பர் பந்துக்கு மாறிக்கொண்டது. கம்பெனிக்கு இது ஒரு சரக்கு போய் இன்னொரு சரக்கு, அவ்வளவுதான்.

வார்டனுக்கு அப்படி இல்லை. அலைச்சலுக்குப் பின் அவர் உடம்பு முன்புபோல் இல்லை. 1903ல் மயக்கம் வரும் நிலையில் ஆடி நான்காவது பட்டத்தை வென்றார். இரண்டாம் இடம் யாருக்கு? தம்பி டாமுக்கு! அதே ஆண்டில் காசநோய் என்று தெரிந்து, சிகிச்சைக்காகத் தனி மருத்துவமனையில் சேர்ந்தார். காசநோய்க்கு அப்போது மருந்தே கிடையாது. ஓய்வும், நல்ல காற்றும், சத்தான உணவும்தான் வைத்தியம்.

அவர் கதை முடிந்தது என்று பலர் நினைத்தனர். மீண்டு வந்து, 1911லும், 1914லும் மறுபடி பட்டம் வென்றார். மொத்தம் ஆறு பிரிட்டிஷ் ஓபன். இந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

நடுவே 1913ல் அமெரிக்க ஓபனில் ஆடப் போனார். கூடவே, ஜெர்சி தீவிலேயே பிறந்த டெட் ரே. இந்த இரண்டு ஜாம்பவான்களையும் தோற்கடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பிரான்சிஸ் விமெட் என்ற 20 வயது இளைஞர். பாஸ்டனில் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை பார்த்தவர். அவருக்கு மட்டை தூக்கிய எட்டி லோரிக்கு வயது பத்து! வார்டன் வந்து காட்டிவிட்டுப் போன ஆட்டத்தைக் கற்ற தலைமுறை, அவரையே வென்றது.

இன்னொரு செய்தி. கோல்ப் மட்டையைப் பிடிக்கும்போது, வலது கைச் சுண்டுவிரலை இடது கை விரல்மேல் படிய வைப்பார்கள். இதற்கு 'வார்டன் பிடி' என்று பெயர். இதை முதலில் செய்தவர் வார்டன் இல்லை. ஸ்காட்லாந்துக்காரர் ஜானி லெய்ட்லே அவருக்கு முன்பே அப்படித்தான் பிடித்தார். ஆனால், ஊர் ஊராகப் போய் ஆடிக் காட்டியவர் பெயர்தானே ஊருக்குத் தெரியும்! பாவம் லெய்ட்லே.

வார்டனுக்குப் பின், இந்த வியாபார வழி பெரிதாகிக்கொண்டே போனது. 1930களில் பாபி ஜோன்ஸ் பெயரில் மட்டைகளை விற்றது, அதே ஸ்பால்டிங்தான். ஜீன் சாரசன் என்ற வீரர், 1920களில் வில்சன் கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தம், 1999ல் அவர் இறக்கும் வரை நீடித்தது. 1996ல் டைகர் உட்சை ஒப்பந்தம் செய்த நைக்கி கம்பெனி, கோல்ப் மட்டையும் பந்தும் தயாரிக்க ஆரம்பித்தது. உட்ஸ் வென்று குவித்தும், 2016ல் அந்தத் தயாரிப்பை நிறுத்திவிட்டது.

வார்டன் 1937 மார்ச் 20ல் லண்டனில் காலமானார். அமெரிக்காவில் சராசரியாகக் குறைந்த அடிகளில் ஆடும் தொழில்முறை வீரருக்கு 'வார்டன் கோப்பை' வழங்குகின்றனர். கோலிக்குண்டு வைத்து ஆடிய கிரூவில்லில், கோல்ப் கிளப் வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது.