ஊரையே ஓட வைத்த போவர்மன்

ஓட்டப் பந்தய வீரர்களைப் பழக்கிய ஒருவர், ஒரு நாள் தாமே ஓட முடியாமல் மூச்சுத் திணறினார். அந்த ஒரு நாளின் பலனாக, அமெரிக்காவில் லட்சக்கணக்கான ஆண்களும் பெண்களும் ஓடத் தொடங்கினார்கள்!

அவர் பெயர் பில் போவர்மன்.

1911-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி, ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டு நகரில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே பழக்கமான பார்பரா என்ற பெண்ணை 1936-ல் மணந்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி நாட்டு மலைகளில் போரிட்டார். பிறகு யூஜின் நகரில் உள்ள ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஓட்டப் பயிற்சியாளர் ஆனார்.

கிழவர் கற்பித்த பாடம்

1962-ம் ஆண்டு இறுதியில், தம் மாணவர்களுடன் நியூசீலந்து சென்றார். அங்கே ஆர்தர் லிடியார்டு என்ற புகழ் பெற்ற பயிற்சியாளர், ஊர் மக்களோடு மெல்லோட்டம் ஓட அவரை அழைத்தார்.

போவர்மனுக்கு அப்போது வயது 51. மைதானத்தில் நின்று பிறரை ஓடச் சொன்னாரே தவிர, அவர் ஓடுவதை விட்டு வெகு காலம் ஆகியிருந்தது. சற்று தூரத்திலேயே பின்தங்கி விட்டார்.

எழுபது வயதைத் தாண்டிய கிழவர் ஒருவர், அவருக்காக வேகத்தைக் குறைத்துக் கொண்டு கூடவே வந்தார். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர் அவர்! கிழவர் பேசிக் கொண்டே ஓடினார். போவர்மனுக்கோ பதில் சொல்ல மூச்சில்லை.

அவர் வெட்கப்பட்டார். ஆனால் ஒதுங்கி விடவில்லை. நியூசீலந்தில் தங்கிய நாட்களில் விடாமல் ஓடினார். இடுப்புச் சதை கரைந்தது.

கூட்டத்தைக் கண்டு பயம்

1963-ல் ஊர் திரும்பியதும், யூஜின் மக்களை மைதானத்துக்கு அழைத்தார். கணவனும் மனைவியுமாக வந்தார்கள். வாரத்துக்கு வாரம் கூட்டம் பெருகியது.

போவர்மனுக்குப் பயம் பிடித்தது. பல ஆண்டுகள் உட்கார்ந்தே வாழ்ந்த உடல்கள் ஆயிற்றே! யாருக்காவது உயிருக்கு ஆபத்து வந்தால்? எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பி விட்டார்.

பிறகு வால்டோ ஹாரிஸ் என்ற இருதய டாக்டரைத் தேடிச் சென்றார். இருவரும் நடுத்தர வயதினரை வைத்துச் சோதித்து, ஒரு முறையை வகுத்தார்கள்.

முதலில் டாக்டரிடம் உடலைக் காட்ட வேண்டும். கொஞ்ச தூரம் நடை, கொஞ்ச தூரம் ஓட்டம், மறுபடி நடை. ஒரு நாள் ஓடினால் மறுநாள் ஓய்வு அல்லது லேசான நடை. பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு தடைப்பட்டால் நடக்க வேண்டும்.

இதை 1967-ல் 'ஜாகிங்' என்ற நூலாக வெளியிட்டார்கள். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அப்பக் கருவியில் செருப்பு

1964-ல், தம் பழைய மாணவர் பில் நைட்டுடன் சேர்ந்து காலணி வியாபாரம் தொடங்கினார். அதுவே பின்னர் 'நைக்கி' கம்பெனி ஆயிற்று.

வாஃபிள் என்பது கட்டம் கட்டமாக இருக்கும் ஒரு வகை அப்பம். அதைச் சுடும் பார்பராவின் கருவியைக் கண்டதும், அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அதில் ரப்பர் போன்ற குழம்பை ஊற்றினார். கருவி ஒட்டிக் கொண்டு பாழாயிற்று! ஆனால் யோசனை பாழாகவில்லை. தரையைப் பற்றிக் கொள்ளும் புதிய அடிப்பாகம் பிறந்தது.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. காற்றோட்டமில்லாத சிறு அறையில், பசையின் நச்சு ஆவியைச் சுவாசித்து வேலை செய்தார். கால் நரம்புகள் கெட்டன. உலகத்துக்கு ஓடும் காலணி செய்து கொடுத்தவர், அதைப் போட்டுக் கொண்டு ஓட முடியாதவர் ஆனார்.

1999-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, 88-வது வயதில் காலமானார்.

அவர் சொன்ன முறை மறையவில்லை. புதிதாக ஓடக் கிளம்பும் தம்பதிகளுக்கு இன்றும் முதல் பாடம் அதுதான்: பேசிக் கொண்டே ஓடுங்கள், பேச முடியாவிட்டால் நடங்கள்.