விருதுக்கு மேடை, அமர்வதற்குத் தனி மேசை

1940ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் திகதி இரவு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அம்பாசடர் ஹோட்டலில் நடைபெற்ற விழாவில், சிறந்த துணை நடிகைக்கான ஒஸ்கார் விருது ஹட்டி மெக்டானியலுக்கு வழங்கப்பட்டது. ஒஸ்கார் விருதொன்றை வென்ற முதலாவது கறுப்பினக் கலைஞர் அவரே. ஆயினும், கறுப்பினத்தவரை அனுமதிக்காத அந்த ஹோட்டலுக்குள் அவர் நுழைவதற்குத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் விசேட அனுமதி பெற வேண்டியிருந்தது. சக நடிகர்களுடன் அன்றி, சுவரோரமாக இடப்பட்ட தனி மேசையிலேயே அவர் அமர்த்தப்பட்டார்.

கன்சாஸ் மாநிலத்தில் 1893இல் பிறந்த ஹட்டியின் பெற்றோர் இருவரும் அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்றவர்கள். பாடகியாகவும் நகைச்சுவை நடிகையாகவும் ஊர் ஊராகச் சென்று மேடையேறிய அவரது வாழ்வைப் பொருளாதார வீழ்ச்சி முடக்கியது. மில்வோக்கி நகரின் இரவு விடுதியொன்றில் அவர் கழிவறைப் பணிப்பெண்ணாக வேலை செய்ய நேர்ந்தது. 1931இல் லொஸ் ஏஞ்சல்ஸ் வந்த பின்னரும் வீட்டு வேலை செய்தே பிழைத்தார்.

திரையுலகம் அவருக்கு வழங்கியதும் பெரும்பாலும் பணிப்பெண் வேடங்களையே. விருதைப் பெற்றுத் தந்த 'கோன் வித் த விண்ட்' படத்திலும் அவர் ஏற்றது அடிமைப் பணிப்பெண் பாத்திரமாகும். 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் நடைபெற்ற அப்படத்தின் முதற்காட்சியில், அங்கு நிலவிய இனப்பாகுபாடு காரணமாக அவரால் பங்குபற்ற முடியவில்லை.

கறுப்பினத்தவரின் உரிமை அமைப்பினரோ, இத்தகைய வேடங்கள் தம் சமூகத்தை இழிவுபடுத்துவதாகக் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் இருந்தது. நடிக்க மறுத்தால் மீண்டும் உண்மையான வேலைக்காரியாகவே வாழ நேரிடும் என்ற ஹட்டியின் வாதத்திலும் நியாயம் இருந்தது.

திரைக்கு வெளியே அவர் பணிந்து போகவில்லை. அவர் வீடு வாங்கிய பகுதியில் கறுப்பினத்தவர் குடியிருக்கலாகாது என்ற உறுதிப் பத்திர நிபந்தனையைக் காட்டி, அவரையும் ஏனைய கறுப்பினக் குடும்பங்களையும் வெளியேற்ற அயலவர்களான வெள்ளையர்கள் வழக்குத் தொடர்ந்தனர். எதிர்த்து நின்ற அக்குடும்பங்களுக்குச் சாதகமாக 1945 டிசம்பரில் தீர்ப்புக் கிடைத்தது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதன் பின்னர், 1948இலேயாகும்.

1952 ஒக்டோபர் 26ஆம் திகதி அவர் புற்றுநோயால் மறைந்தார். ஹொலிவுட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டுமென்ற அவரது விருப்பம், நிறத்தின் பெயரால் மறுக்கப்பட்டது. அங்கு அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது 1999இல்தான். ஹவார்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் விட்டுச் சென்ற விருதும் காணாமற் போய், 2023இலேயே அதற்கு ஈடாக வேறொன்று வழங்கப்பட்டது.

பிந்திக் கிடைத்த இக்கௌரவங்கள் எவற்றையும் அவர் காணவில்லை. ஏற்ற வேடங்களை மட்டும் கொண்டு அவரை எடைபோடுவது நீதியாகாது. வேடங்களைத் தீர்மானித்தவர்கள் வேறு எவரோ. நீதிமன்றத்தில் எதிர்த்து நிற்பதென்பது அவர் தாமே எடுத்த முடிவு.