மாக்ஸ் முல்லர் பண்டிதர்

ஜெர்மனி தேசத்து தெஸ்ஸாவ் நகரில் 1823-ஆம் ஆண்டிற் பிறந்த மாக்ஸ் முல்லர், நான்கு வயது நிரம்புமுன்னரே தந்தையை இழந்தவர். பாரிஸ் நகரில் பூர்னூஃப் என்னும் பேரறிஞரிடம் வேதம் பயின்று, கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பொருளுதவி பெற்று, சாயண பாஷ்யத்துடன் ரிக் வேதத்தை 1849 முதல் 1874 வரை ஆறு பாகங்களாக அச்சேற்றினார். பாரத நாட்டை அவர் ஒருமுறையேனும் கண்ணாற் கண்டவரல்லர் என்பது நமக்கு இன்றும் வியப்பே.

1860-இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் சம்ஸ்கிருதப் பேராசிரியர் பதவி காலியாயிற்று. அப்பதவிக்குப் பொருள் வைத்த போடன் துரையோ, இந்தியரைக் கிறிஸ்து மதத்திற் சேர்ப்பதற்கு அம்மொழி துணையாகுமென்று கருதியவர். முல்லர் அந்நியர், மத விஷயத்தில் தாராள நோக்குடையவர். மோனியர் வில்லியம்ஸ் 833 வாக்குகள் பெற்றார். முல்லருக்கு விழுந்தவை 610. புலமைக் குறைவினால் அவர் தோற்றாரென்று நாம் சொல்லோம்.

மனந்தளராத அப்பெரியார், மொழிகளை ஒப்புநோக்குவது போலவே மதங்களையும் ஒப்புநோக்கி ஆராயும் முறையை 1870-இல் லண்டனில் விரித்துரைத்தார். பின்னர் 1879 முதல், உபநிஷதங்களும் தம்மபதமும் திருக்குர்ஆனும் பார்சிகளின் அவெஸ்தாவும் ஜைன சூத்திரங்களும் சீனத்து நூல்களும் ஆங்கிலத்தில் ஒரே வரிசையாக வெளிவந்தன. முல்லர் 1900-இல் காலமானார். வரிசையோ 1910-இல் 50 தொகுதிகளாக நிறைவெய்திற்று. பைபிளையும் அவற்றோடு சேர்க்க அவர் விரும்பினார். எதிர்ப்பு வலுத்தமையால் அது கைகூடவில்லை. அன்பர்கள் புத்தகசாலையில் அவ்வரிசையைக் காண நேரின், அவர் போற்றி வழிபட்ட மதத்தின் நூல் மட்டும் அங்கில்லாமையைக் காண்பார்கள்.