காரைக்குடிக்கு லேப் வந்த கதை

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி நின்னு புகை குடிச்சவங்களுக்கு ஃபியூயல் செல் ஒரு பெரிய ஆசை. உள்ளே ஹைட்ரஜனும் காற்றும் போகும். வெளியே கரண்ட், சூடு, தண்ணீர், அவ்வளவுதான். நடுவில் மெல்லிய பாலிமர் சவ்வு, அதன் இரண்டு பக்கமும் பிளாட்டினம் துகள். விலை ஏறுவதற்கு அந்தப் பிளாட்டினம் ஒரு முக்கியக் காரணம். அதைக் குறைக்க ஆராய்ச்சி நடக்கும் இடங்களில் ஒன்று காரைக்குடி சிக்ரி.

துறைமுகம்கூட இல்லாத ஊருக்கு தேசிய ஆய்வகம் எப்படிப் போச்சு? காரணம் அழகப்பச் செட்டியார்.

1909-ல் கோட்டையூரில் பிறந்தவர். சென்னை பிரசிடென்சி காலேஜில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. விமானம் ஓட்டவும் கத்துக்கிட்டார். வக்கீலுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க, முதல் ஃபியூயல் செல்லைச் செய்த வில்லியம் குரோவும் வக்கீல்தான்!

துணி மில்லில் சம்பாதிச்சதைப் படிப்புக்கே கொட்டினார். கிண்டி ஏ.சி.டெக் அவர் பேரில்தான் நிற்குது. மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அப்போ அங்கே வேலை துரு, மின்முலாம், பேட்டரி மாதிரி விஷயங்களில்தான்.

தொழுநோய் அவரை விடலை. 1957 ஏப்ரல் 5-ல் இறந்தார். 48 வயது முடிய ஒரு நாள் பாக்கி.

2020-ல் புனேயில் ஓட்டிப் பார்த்த ஹைட்ரஜன் காரின் ஃபியூயல் செல்லில் சிக்ரியின் உழைப்பும் இருந்தது. எங்க எண்ணூர் லாரிகள் இன்னும் டீசலில்தான் ஓடுது.