குமிழங்கொம்பும் மரல்நாரும்

கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகளாரின் சமாதிமுன் நிற்கும்போதெல்லாம் நான் நாணுவதுண்டு. பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் குமிழங்கொம்பில் மரல்நார் பூட்டி மீட்டிய வில்யாழுக்குப் பொருள் மட்டும் கூறி அமைந்த பண்டிதருள் யானும் ஒருவன்.

காரைதீவில் 1892-இல் தோன்றிய அடிகளாரோ, 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகி, 1920-இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். சொற்பொருளோடு நின்றாரல்லர். நரம்பின் நீளத்துக்கும் ஒலியின் உயர்வுக்கும் உள்ள கணக்கைக் கொண்டு, வழக்கிழந்த யாழின் உறுப்பையும் இசையையும் ஆராய்ந்தார். 1929-இல் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய அப்பெரியாரின் யாழ்நூல், 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களே அவர் மறைந்தார்.

இப்போது அப்பகுதியைக் கற்பிக்குமுன் மாணவர் கையில் மரல்நாரைக் கொடுத்து, முறுக்கிக் கட்டி மீட்டச் சொல்கிறேன். ஒலி எழுந்த பின்னரே உரை கூறுகிறேன்.