அளவறிந்த வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்

வேட்டையிற் புகும் இளைஞன் எவ்விலங்கை வீழ்த்தலாம் என்று முதலில் வினவுகின்றான். எத்தோட்டாவைக் கைக்கொள்ளலாம் என்று அவன் வினவுவது அரிது. குண்டு பெரிதாயின் வெற்றியும் பெரிதாகும் என்று எண்ணுவோர் பலர். விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் முன்னோர் கூறிய பழமொழி தோட்டாவுக்கும் பொருந்துவதாம். சுடுபவனுடைய தோளுக்கும், சுடப்படும் விலங்கின் உடலுக்கும் ஒத்த அளவினதே நல்ல தோட்டா. இவ்வுண்மையை இளமையிலேயே பயின்று, வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தவர் ஜிம் கார்பெட் என்னும் வேட்டைக்காரர். ஆட்கொல்லிப் புலிகளை அவர் மாய்த்த வரலாற்றைக் கேளாதார் சிலரே. ஆயின், அவ்வீரத்துக்கு அடிப்படையாய் நின்ற இளமைப் பயிற்சியைக் கருதுவாரும் சிலரே. அதனை ஈண்டுச் சுருங்க எடுத்துரைப்போம்.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் என்பது அவரது முழுப்பெயர். இமயமலையைச் சார்ந்த குமாவூன் நாட்டில், நைனிடால் நகரில், 1875-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் கிறிஸ்டோபர் வில்லியம் கார்பெட் அந்நகரில் தபால் நிலையத் தலைவராயிருந்தவர். 1881-ல் அவர் காலமானபோது ஜிம்முக்கு ஆறு வயதும் நிரம்பவில்லை. தாயார் மேரி ஜேன் அம்மையார் பெரிய குடும்பத்தைச் சிறிய வருவாயில் காத்து வளர்த்தார். கோடையில் நைனிடாலிலும், குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கி என்னும் சிற்றூரிலும் அக்குடும்பம் வாழ்ந்து வந்தது. காலாதுங்கியைச் சூழ்ந்திருந்தது அடர்ந்த காடு. புள்ளிமானும், கடம்பைமானும், கேளையாடும், மயிலும், காட்டுக்கோழியும் ஆங்கே மிகுதி. சிறுத்தையும் புலியும் அவற்றைத் தொடர்ந்து திரிந்தன. அக்காடே சிறுவனுக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

அவன் கைக்கொண்ட முதற்கருவி ஒரு கவட்டை. கடுமையான நுரையீரற் சுரத்தினின்று தேறிவந்த காலத்தில் மூத்த தமையனார் டாம் அதனை அளித்தார். கவட்டைக்குப் பின் உண்டைவில்லும், அதன்பின் வில்லும் அம்பும் அவன் கைக்கு வந்தன. உடல் வலிமை வளருந்தோறும் கருவியும் வளர்ந்தது என்பதை இங்கே நோக்குதல் வேண்டும். கல்லெறியும் கவட்டை நெடுந்தொலைவு செல்லாது. ஆதலின், பறவைக்கு அருகே செல்லக் கற்றாலன்றி அதனாற் பயனில்லை. சருகு ஒலியாமல் அடிவைத்தலும், காற்று வீசும் திசையறிந்து நிற்றலும், மானின் குரலாலும் குரங்கின் குரலாலும் காட்டிற் புலி நடமாடுவதை உணர்தலும் இவ்வாறு அவனுக்குக் கைவந்தன.

பத்து வயது நிரம்புமுன்னரே ஒரு துப்பாக்கி கிடைத்தது. குழல்வாய் வழியாக மருந்தும் சன்னமும் இட்டுக் கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி அது. வலக்குழல் வெடித்துப் பிளந்திருந்தது. அடிக்கட்டையும் குழலும் பித்தளைக் கம்பியாற் பிணிக்கப்பட்டிருந்தன. இடக்குழல் ஒன்றே உதவும். வெடிமருந்தும் ஈயச் சன்னமும் தாராளமாக வாங்க வீட்டிற் பொருளில்லை. ஒரு வெடிக்கு ஒரு பறவையேனும் வீட்டுக்கு வரவேண்டும் என்பது அவன் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட கணக்கு. எனவே தொலைவிலிருந்து சுட்டுப் பார்ப்போம் என்னும் எண்ணத்துக்கே இடமில்லாது போயிற்று. மருந்தைக் கையால் அளந்து இடுகின்றவனுக்கு, மிகையாக இட்டால் தோள் நோகும், குழலும் பிளக்கும், குறைத்து இட்டால் பறவை காயத்தோடு பறந்து மறையும் என்பது நாள்தோறும் விளங்கும் பாடமன்றோ?

பத்தாவது வயதில் ஜிம் தன் பள்ளியின் மாணவர் படையிற் சேர்ந்தான். அப்படையினர் பயின்றவை .450 அளவுள்ள மார்டினித் துப்பாக்கிகள். அவ்வினத்துப் படைத்துப்பாக்கியின் தோட்டாவில் 480 கிரெயின், அதாவது ஏறக்குறைய 31 கிராம், எடையுள்ள ஈயக்குண்டும், 85 கிரெயின் கருமருந்தும் இருக்கும். அது சுடுபவன் தோளைப் பொல்லாங்காய் உதைக்கும். வளர்ந்த சிப்பாய்களே அஞ்சிய உதையைச் சிறுவர்கள் எவ்வாறு தாங்குவர்? உதைக்கு அஞ்சியவன் விசையை இழுக்குமுன் கண்ணை மூடுவான், கை நடுங்கும், குறி விலகும். படைப்பயிற்சி அளித்த சார்ஜண்டு மேஜர் ஜிம்மினிடத்து அன்பு கொண்டு, குளிர்கால விடுமுறைக்கு ஒரு மார்டினித் துப்பாக்கியை இரவலாகக் கொடுத்தார். துப்பாக்கியைத் தூய்மையாக வைத்திருத்தலும், சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளைத் திருப்பித் தருதலும் அவர் விதித்த நிபந்தனைகள். அவற்றைக் காக்கும்வரை எத்துணைத் தோட்டா வேண்டினும் பெறலாம்.

வரையறையின்றித் தோட்டா கிடைத்தும் சிறுவன் அதனை வீணாக்கவில்லை. பழைய துப்பாக்கி கற்பித்த சிக்கனம் அவனை விட்டு நீங்கவில்லை. நிலையான குறியைச் சுடுதல் வீண் என்று கருதி, காட்டுக்கோழியையும் மயிலையும் குறியாக வைத்துப் பழகினான். அவ்வளவு பெரிய குண்டு கோழியின் உடலிற் பட்டால் இறைச்சி உணவுக்கு உதவாது சிதறிவிடும். அங்ஙனம் ஒரே ஒரு பறவைதான் கெட்டது என்று முதுமையில் அவர் நினைவுகூர்ந்திருக்கின்றார். பொருந்தாத தோட்டாவைப் பொருத்தமாக்கியது அவன் பொறுமையே. நல்ல குறி வாய்க்குமளவும் பதுங்கிச் செல்வதற்கு அவன் நேரத்தைக் கணக்கிட்டதில்லை.

அத்துப்பாக்கியால் ஒருநாள் ஒரு சிறுத்தையைச் சுட நேர்ந்தது. விசையை இழுத்தவுடன் கருமருந்தின் புகை கண்ணை மறைத்தது. அப்புகையினூடே காயமுற்ற சிறுத்தை அவன் தலைக்கு மேலாகத் தாவிச் சென்றது. அதன் குருதி பாறையிலும் அவன் உடையிலும் தெறித்தது. சிறுவன் ஓடிவிடவில்லை. மறுபடியும் தோட்டா இட்டு, அச்சத்தை அடக்கிக்கொண்டு, குருதிச் சுவட்டைத் தொடர்ந்து சென்று, சிறுத்தையின் துன்பத்தை முடித்துவைத்தான். காயப்பட்ட விலங்கைக் கைவிடலாகாது என்னும் அறம் அன்றே அவனுள் வேரூன்றியது எனலாம்.

பள்ளி விட்டபின் கார்பெட் வங்காள வடமேற்கு இரயில்வேயிற் பணியேற்று, கங்கைக்கரையிலுள்ள மொகாமா காட் என்னுமிடத்திற் சரக்கு மாற்றும் ஒப்பந்தக்காரராக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். அக்காலத்தில், 1907-ஆம் ஆண்டு, சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைத் தேடி அவர் சென்றார். நேபாளத்திலும் குமாவூனிலும் 436 மக்களைக் கொன்றதாக எண்ணப்பட்டது அப்புலி. கிராமத்தார் புடைசூழ்ந்து புலியை ஓட்ட, கார்பெட் பள்ளத்தாக்கிற் காத்திருந்தார். இரண்டு வெடிக்கே வாய்ப்பிருக்கும், மூன்றாவது இடுக்கணுக்கு உதவும் என்று கருதி, மூன்று தோட்டாக்களே கொண்டுசென்றிருந்தார். மூன்றும் தீர்ந்தன, புலியோ இன்னும் நின்றது. உடனே அவர் ஓடி, உடன்வந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கினார். அதன் குழலுக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே அங்குலத்தின் எட்டில் மூன்று பங்கு இடைவெளி இருந்தது. சுமார் இருபது அடித் தொலைவில் புலியின் வாயைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு வாயிற் படாது வலப்பாதத்திற் பட்டது. பின்னர் அதனை நகத்தாலேயே அவர் எடுத்துவிட்டார். முன்பட்ட குண்டுகளாலேயே புலி மாண்டது. கருவியும் தோட்டாவும் ஒன்றோடொன்று பொருந்தாவிடின், இருபது அடியும் நெடுந்தொலைவே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயின் அன்று அவர் கண்ட மற்றொன்று அதனினும் கொடியது. அப்புலியின் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் முறிந்திருந்தன. கீழ்ப்பல் எலும்புவரை போயிருந்தது. ஆண்டுகள் பலவற்றுக்கு முன் யாரோ ஒருவர் சுட்ட குண்டின் வேலை அது. பல்லிழந்த புலி தனக்கு இயல்பான இரையைப் பிடிக்க வலியற்றதாகி, மனிதரை நாடியது என்பது கார்பெட்டின் முடிவு. சுட்டவர் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் தவறாகச் சுட்டது ஒரு தோட்டாவே. அதன் விலையோ நானூற்றுக்கு மேற்பட்ட உயிர். காயத்தோடு தப்பிய மான் புதருக்குள் தனியே கிடந்து பன்னாள் வருந்தி மடிவதால், அதன் துன்பம் நம் செவிக்கு எட்டுவதில்லை. அதனால் அது சிறியதாகிவிடாது.

சம்பாவத்தில் ஆற்றிய தொண்டுக்காக, ஐக்கிய மாகாணத்துத் துணைநிலை ஆளுநராயிருந்த சர் ஜான் ஹியூவெட் கார்பெட்டுக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தார். அது இலண்டன் ரிக்பி நிறுவனத்தார் செய்த .275 அளவினது. ஜெர்மானிய மௌசர் தொழிற்சாலையில் 1892-ல் உருவான 7 மில்லிமீட்டர் தோட்டாவே அதற்கும் உரியது. அதில் இடும் குண்டு 140 கிரெயின், அதாவது ஏறக்குறைய 9 கிராம். மார்டினிக் குண்டின் எடையில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. ஆயினும், புகையில்லா மருந்தின் ஆற்றலால் அக்குண்டு மார்டினிக் குண்டினும் இரு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தோடு செல்லும். தோளில் உதை மிகக் குறைவு. கண்ணை மறைக்கும் புகையும் இல்லை. பெரிய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றும் கார்பெட்டிடம் இருந்ததெனினும், இச்சிறிய துப்பாக்கியையே அவர் நெடுங்காலம் தோழனாகக் கொண்டார். 1930-ல் 64 பேரைக் கொன்ற சௌகட் பெண்புலி எட்டடித் தொலைவில் அவரை எதிர்ப்பட்டபோது, அவர் இடக்கையில் இரண்டு பறவை முட்டைகள் இருந்தன. வலக்கை ஒன்றாலேயே துப்பாக்கியை மெல்ல மெல்லத் திருப்பிச் சுட்டு உயிர் பிழைத்தார். துப்பாக்கி இலேசாயிருந்ததும் அவ்வெற்றிக்கு ஒரு காரணம் என்று அவரே எண்ணினார்.

இவ்வரலாற்றினின்று மான்வேட்டை பயிலும் இளைஞன் கொள்ளத்தக்கவை சில. சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில் இன்றும் மான்வேட்டை நிகழ்கின்றது. ஆங்கு இளையோருக்குத் தோட்டா தெரிந்தெடுக்கும் தந்தையரும் மாமன்மாரும் தம் தோளை அளவாக வைத்துத் தேர்தல் பிழை. கார்பெட்டின் .275-ஐ ஒத்த 7 மில்லிமீட்டர் தோட்டாக்கள் உதை குறைந்தவை. நடுத்தர மானுக்குப் போதிய வலிமையும் உடையவை. புள்ளிமான் அளவுள்ள விலங்குக்கு ஏற்ற குண்டு, 200 கிலோவுக்கு மேலும் வளரும் கடம்பைமான் போன்றதற்குப் போதாமற் போதலும் கூடும். ஆதலின் விலங்கின் அளவையும் அறிதல் வேண்டும். குண்டின் எடையினும் அதன் அமைப்பு முக்கியமானது. முழுதும் கடின உலோக உறையிட்ட குண்டு மானின் உடலைச் சிறு துளையோடு ஊடுருவிப் போய்விடும். மான் நெடுந்தூரம் ஓடி மடியும். நுனியில் மெல்லிய ஈயம் வெளிப்பட்ட குண்டோ உள்ளே மலர்ந்து விரைவில் உயிர் போக்கும். முன்காலுக்குப் பின்னே, இருதயமும் நுரையீரலும் உள்ள இடமே குறி. அவ்விடத்திற் குண்டைத் தவறாது செலுத்தும் தொலைவு எதுவோ, அதுவே அவ்விளைஞனின் எல்லை. முதலில் .22 அளவுள்ள சிறு தோட்டாவாற் பழகி, கண் மூடாமல் விசையிழுக்கக் கற்றபின் பெரியதை ஏந்துதல் நன்று. கவட்டையிலிருந்து படிப்படியாக ஏறிய ஜிம்மின் வழியும் இதுவன்றோ?

அளவறிந்து சுட்டவர் இறுதியிற் சுடாதிருக்கவும் அறிந்தார். காட்டிலாகா அதிகாரி எப். டபிள்யூ. சாம்பியன் எடுத்த புலிப்படங்களாற் கவரப்பட்டு, கார்பெட்டும் புகைப்படக் கருவியைக் கையிலெடுத்தார். மக்களைக் கொல்லும் விலங்கையன்றிப் பிறவற்றைச் சுடுதல் அவருக்கு வெறுப்பாயிற்று. 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாவூனில் அமைவதற்கு அவரும் துணைநின்றார். தம் வேட்டை அனுபவங்களை 1944-ல் நூலாக வெளியிட்டார். இளமை நினைவுகளைக் கூறும் நூல் 1953-ல் வெளிவந்தது. 1947-ல் தமக்கை மாகி அம்மையாருடன் கென்யா நாட்டுக்குச் சென்று, நியேரி என்னும் ஊரில் 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் உயிர்நீத்தார். அவர் மறைந்தபின் அப்பூங்காவுக்கு அவர் பெயரே இடப்பட்டது. 1972-ல் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காலாதுங்கிக் காட்டுப் புள்ளிமானை இன்று வேட்டையாட யாருக்கும் உரிமையில்லை.

மாணவ நண்பர்காள்! நம்மிற் பெரும்பாலோர் துப்பாக்கி ஏந்தப் போவதில்லை. ஆயினும், நம் கையினின்று ஒருமுறை புறப்பட்டபின் திரும்பாதவை வேறு பல உள. கடுஞ்சொல்லும் அவற்றுள் ஒன்று. அதனாற் பட்ட காயத்தை நாம் காணாமலே போதலும் உண்டு. அத்தகையவற்றை விடுக்குமுன், நம் ஆற்றலின் அளவையும் எதிர்நிற்பாரின் நிலையையும் ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாயின், பிளந்த குழலோடு காலாதுங்கிக் காட்டில் ஒவ்வொரு வெடியையும் எண்ணி எண்ணிச் சுட்ட அச்சிறுவனின் சரித்திரம் நமக்குப் பயன்பட்டதாகும்.